மரியபுஷ்பத்தின் ஒருசந்தி

எங்கள் அம்மா மரியபுஷ்பத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் அவளுடைய ஒருசந்தியைத்தான் சொல்வார்கள். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நாற்பது நாளும் அவளுக்கு ஒரு வேளைச் சாப்பாடுதான். அதுவும் இரவு ஏழு மணிக்கு, ஜெபமாலை முடிந்த பிறகு. சூரமங்கலத்தில் எங்கள் தெருவில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாமே வெள்ளிக்கிழமைக்கு ஒருசந்தி இருப்பவைதான். நாற்பது நாளையும் ஒன்றுகூட விடாமல் பிடிப்பவள் அம்மா ஒருத்திதான். தெருக்காரர்கள் மாதம் ஒருமுறை கூடி ஜெபம் சொல்லும் அன்பியக் கூட்டத்தில், "மரியபுஷ்பம் அக்கா மாதிரி இருக்கணும்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள், ஆனால் காது மட்டும் அங்கேயே இருக்கும்.

நான் மூத்தவள், ஜாக்குலின். சங்ககிரியில் ஒரு லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பில் போடுகிறேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். இருக்கட்டும். கோபப்பட வேண்டியதற்குக்கூடக் கோபப்படாத ஆட்களோடு குடியிருந்தால் ஒருத்திக்காவது அது இருக்கத்தான் வேண்டும்.

அப்பா சவரிராயன் லாரி டிரைவர். மாதத்தில் இருபது நாள் குஜராத் லைனில் இருப்பார். அம்மா வீட்டில் நைட்டி தைக்கிறாள். கடைக்காரர்கள் வெட்டிக் கட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்து, பிசிறு வெட்டி, மடித்துக் கொடுக்க வேண்டும். காலை ஜெபம், மிஷின், சமையல், மறுபடி மிஷின், மாலை ஜெபம். ஐம்பத்திரண்டு வயதில் அம்மாவின் வாழ்க்கை வரலாறு என்று எழுத உட்கார்ந்தால் இவ்வளவுதான் வரும். என் தங்கை ஜெனிட்டாவுக்கு அந்த நோய் வந்திருக்காவிட்டால் நானும் இதோடு நிறுத்தியிருப்பேன்.

ஜெனிட்டா என்னைவிட எட்டு வயது சின்னவள். நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் விடுதியில் தங்கிப் படித்தாள். இரண்டாம் வருடத் தவக்காலத்தில், "நானும் அம்மா மாதிரி நாப்பது நாளும் இருக்கேன்" என்றாள். இருந்தாள். ஈஸ்டர் வந்தது, போனது. இவள் ஒருசந்தியை விடவில்லை. ஜூன் மாதமும் இருந்தாள், ஆகஸ்டிலும் இருந்தாள். மற்ற வீடாக இருந்தால் பிள்ளை சாப்பிடவில்லை என்று அலறியிருப்பார்கள். எங்கள் வீட்டில் பெருமைப்பட்டார்கள். அன்பியக் கூட்டத்தில் அம்மா எழுந்து நின்று, "எங்க சின்னவ என்னையே மிஞ்சிட்டா" என்று சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

பிறகு அவள் ஒரு நாள் கல்லூரிப் படியில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கக் கேட்கத்தான் எல்லாம் வெளியே வந்தது. சாப்பிடாமல் இருந்தது பாதி. சாப்பிட வேண்டி வந்தபோதெல்லாம் அதை வயிற்றில் தங்க விடாமல் செய்தது மீதி. இது பிடிவாதமும் இல்லை, பக்தியும் இல்லை, நோய் என்றார் டாக்டர்.

படிப்பை ஒரு வருடம் நிறுத்திவிட்டு வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வாரம் ஒரு நாள் சேலம் டவுனில் ஒரு கவுன்சிலரிடம் போக வேண்டும். தனப்பிரியா என்று பெயர், திருச்செங்கோட்டுப் பெண். என் வயதுதான் இருக்கும். முதல் நாளே எங்களிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள்.

"ஏனுங்கம்மா, எடை பாக்குறதெல்லாம் எங்க வேலைங்க. நீங்க ஊட்டுல மிஷின் வாங்கி வெச்சுப் பாக்காதீங்க. உங்க வேலை சாப்பாட்டுக்கு அப்பறம் வர்ற அரை மணி நேரந்தானுங்க."

"அரை மணி நேரத்துல என்னம்மா பண்ணணும்?" என்றாள் அம்மா.

"பக்கத்துல இருக்கோணுங்க. சாப்புட்டு முடிச்ச ஒடனே பாப்பாவுக்குப் பயம் வரும். வயிறு வெடிச்சிரும் போல, ஏதோ தப்புப் பண்ணிட்டாப்ல இருக்கும். அந்தப் பயம் ஏறும், ஆனா ஏறிக்கிட்டே போகாதுங்க. தானா எறங்கிரும். எறங்குற வரைக்கும் பாத்ரூம் பக்கம் போகாம, கைக்கு ஒரு வேலை குடுத்து, வேற என்னத்தையாச்சும் பேசிட்டு இருங்க. சாப்பாட்டப் பத்தி மட்டும் பேசாதீங்க. திட்டவும் வேண்டாம், நல்லாச் சாப்புட்டேன்னு பாராட்டவும் வேண்டாங்க."

கேட்பதற்குச் சின்ன வேலையாகத்தான் இருந்தது. செய்து பார்த்தபோதுதான் அரை மணி நேரம் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. சாப்பிட்டு முடித்ததும் ஜெனிட்டாவுக்கு உள்ளங்கை வேர்க்கும். கால் ஆடிக்கொண்டே இருக்கும். கண் மட்டும் பாத்ரூம் கதவுப் பக்கமே போகும். "கொஞ்சம் நடந்துட்டு வரேனே", "முகம் கழுவிட்டு வரேனே" என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். வேண்டாம் என்றால் அழுவாள். சில நாள் என்னைக் கண்டபடி திட்டுவாள்.

மத்தியானம் அம்மாவின் முறை. அம்மாவுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதானே? ஜெபமாலையைக் கையில் கொடுத்தாள். மூன்றாவது நாள் ஜெனிட்டா மணியைக் கீழே வைத்துவிட்டு, "இத உருட்ட உருட்ட நான் பாவம் பண்ணிட்டு மன்னிப்புக் கேக்குற மாதிரியே இருக்கும்மா" என்றாள். அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் ஜெபமாலையை எடுத்து வைத்துவிட்டு, தைத்த நைட்டிகளை அவள் மடியில் போட்டுக் கத்தரிக்கோலைக் கொடுத்தாள். தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை வெட்ட வேண்டும். கண்ணை அங்கே இங்கே விட்டால் துணி கிழிந்துவிடும். இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்து வெட்டுவார்கள். அந்த மருந்து கேட்டது.

காலையிலும் இரவிலும் என் முறை. எனக்குப் பேசாமல் உட்காரத் தெரியாது. கடையில் நடந்த சண்டைகளை எடுத்துவிட்டேன். முதலாளி சென்னியப்பன் அண்ணன் மாதிரியே, "ஏனுங்க, நேத்து வாங்கிட்டுப் போன போல்ட்டு, அதுக்குள்ள எப்படீங்க துரு புடிச்சுது?" என்று இழுத்துப் பேசிக் காட்டுவேன். ஒரு வாரத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் தினமும் என்ன பெரிய கலவரமா நடக்கும்? புளுக ஆரம்பித்தேன். ஒரே ஸ்பிரிங் பட்டையை மூன்று தடவை திருப்பிக் கொண்டுவந்த ஒரு டிரைவரை உண்டாக்கி, அவனுக்கு ஒரு மாமியாரையும் உண்டாக்கினேன்.

ஒரு நாள் ஜெனிட்டா, "அக்கா, முந்தாநேத்து அந்தாளுக்கு மீசை இல்லன்னு சொன்ன. இன்னிக்கு முறுக்குறான்" என்றாள்.

"ரெண்டு நாள்ல வளந்திருச்சு. போடி."

அவள் சிரித்தாள். கடிகாரத்தைப் பார்த்தேன், முப்பத்தைந்து நிமிடம் ஓடியிருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? இப்படியே ஐந்து மாதம் போனது. அவள் முகத்தில் களை வந்தது. ஜூனில் கல்லூரிக்குத் திரும்பலாம் என்று தனப்பிரியாவே சொன்னாள்.

அதற்குள் தவக்காலம் வந்துவிட்டது.

தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதன் அன்று கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு வந்த அம்மா வழக்கம்போல ஒருசந்தியைத் தொடங்கினாள். ஜெனிட்டாவுக்கு ஒருசந்தி கிடையாது, நோயாளிகளுக்கு விலக்கு உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். அம்மாவே அதைத் தெளிவாகச் சொன்னாள். மத்தியானம் அவளுக்கு மட்டும் சோறு போட்டு, எதிரில் வெறும் தரையில் உட்கார்ந்து, அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம் பகலில் குடிக்கும் கடுங்காப்பியையும் விட்டிருந்தாள். எனக்கு அது தெரியாது. நான் காலை ஏழரை பஸ்ஸுக்குப் போனால் மாலை ஆறரைக்குத்தான் வருவேன்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால், குருத்து ஞாயிறு அன்று வீட்டில் பினாயில் வாடை தூக்கியது. பாத்ரூமை இவ்வளவு கழுவுவானேன் என்று கேட்டேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெனிட்டா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எத்தன நாளா?" என்றேன்.

"பத்து நாளா எதுவும் தங்கல" என்றாள் ஜெனிட்டா. "மத்தியானம் மட்டுந்தான். அம்மாவ ஒண்ணும் சொல்லாதக்கா. நான்தான் உங்கிட்ட சொல்ல வேண்டாம்னேன்."

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு இரண்டு பேரையும் தனப்பிரியாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவள் ஜெனிட்டாவிடம் தனியாகப் பேசிவிட்டு எங்களைக் கூப்பிட்டாள்.

"மத்தியானம் யாருங்க கூட உக்காந்து சாப்புடறது?"

"நான்தாம்மா. சாப்புட்டு முடிக்கிற வரைக்கும் ஒரு நிமிசம் நகர மாட்டேன். அப்பறம் அழுதா மனசு கேக்காம விட்டுருவேன்" என்றாள் அம்மா.

"உக்காருவீங்க சரி. நீங்களும் சாப்புடறீங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான்தான் தவக்காலத்தைப் பற்றிச் சொன்னேன். தனப்பிரியாவுக்கு அதெல்லாம் தெரியாது. எத்தனை நாள், எத்தனை வேளை என்று கேட்டுக்கொண்டாள்.

"உங்க சாமி விசயத்துல நான் தலையிட மாட்டேனுங்கம்மா. ஆனா பட்டினி இருக்கிறவங்க முன்னால ஒக்காந்து சாப்புடறது இந்தப் பாப்பாவுக்கு எப்படி இருக்கும்? தட்டுல இருக்கிறதே தப்புன்னு தோணாதுங்களா? நீங்க கூட சாப்புட்டாத்தான் முடியும். இல்லீன்னா மத்தியானத்துக்கு வேற ஆளு பாருங்க. இது இப்படியே போனா மறுபடியும் ஆஸ்பத்திரியில சேக்கோணும். ஜூன்ல காலேஜுங்கறத மறந்துருங்க."

வெளியே வந்து புது பஸ் ஸ்டாண்டில் நின்றோம். ஜெனிட்டா தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைக்குப் போனாள். அம்மா, "அந்தப் பொண்ணுக்கு நம்ம மதத்தப் பத்தி என்ன தெரியும்?" என்றாள். அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"மதமா? அன்பியத்துல நாலு பேரு உன்னைப் புகழுறதுக்குப் பேரு மதமா? உன் பேரைக் காப்பாத்திக்க பெத்த பொண்ண பலி குடுப்பியா நீ?"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"புகழுக்கு இல்லடி. நேர்ச்சை" என்றாள்.

ஜெனிட்டா எட்டு மாதத்தில் பிறந்தவள். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். இது எனக்குத் தெரிந்ததுதான். அதற்கு மேல் நடந்தது யாருக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. அதுவும் ஒரு தவக்காலம். பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்ன அன்று அம்மா அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று மாதாவிடம் நேர்ந்துகொண்டிருக்கிறாள். இந்தப் பிள்ளை பிழைத்தால், சாகும்வரை ஒவ்வொரு தவக்காலமும் நாற்பது நாளும் ஒருசந்தி. மறுநாள் குழந்தை கண்ணைத் திறந்து பார்த்ததாம்.

"இருவத்தியொரு வருசம் ஒரு நாள் விடல. போன வருசம் இவ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, நான் எங்கயோ கொற வெச்சுட்டேன்னு நெனச்சேன். அதான் காப்பியும் விட்டேன். இப்ப சாப்புடுன்னா எப்படிடி சாப்புடுவேன்? நான் வாய் வெச்சு அவளுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

பிள்ளை சாப்பிடாமல் நோய்ப்பட்டிருக்கிறது. அதற்காகத் தாய் இன்னும் கொஞ்சம் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். அதைப் பார்த்துப் பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை அம்மா தானாகவே பங்குத்தந்தை சேவியர்ராஜ் சாமியாரைப் பார்க்கப் போனாள். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம், கோயிலில் அவருக்குத் தலைக்கு மேல் வேலை. வியாழக்கிழமைப் பூசையில் பாதம் கழுவப் பன்னிரண்டு பேருக்குப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தவர், அம்மா சொன்னதை நின்றபடியே கேட்டாராம். "நேர்ச்சைய மாத்திக் குடுக்க எனக்கு அதிகாரம் இருக்கும்மா. அதுக்குப் பதிலா ஒரு ஏழைக்குச் சாப்பாடு போடுங்க. நீங்க இன்னிக்கே சாப்புடுங்க" என்று தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டுப் பட்டியலுக்குத் திரும்பிவிட்டாராம்.

"இருவத்தியொரு வருசத்த ரெண்டு நிமிசத்துல முடிச்சுட்டாரு" என்றாள் அம்மா. சாமியார் சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அன்றும் அவள் ஏழு மணிக்குத்தான் சாப்பிட்டாள்.

அன்று மாலை நான் ஒரு தப்புச் செய்தேன். அம்மா ஜெபத்துக்குப் போயிருந்த நேரம், மனசு கேட்காமல், நேர்ச்சைக் கதையை ஜெனிட்டாவிடம் சொல்லிவிட்டேன். தெரிந்தால் அம்மாவைப் புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன்.

"அப்ப அம்மா இத்தன வருசமா பட்டினி கெடக்கறது என்னாலதானா?"

இல்லை என்று சொன்னால் பொய். மறுநாள் வியாழக்கிழமை அவள் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவே இல்லை. "எனக்காக ஒருத்தர் வயித்தக் காயப்போட்டுட்டு இருக்கறப்ப நான் எப்படித் திங்கறது?" என்று தட்டைத் தள்ளிவிட்டாளாம். அம்மா போனில் சொன்னபோது பில் மிஷின் முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறு மாதத்து உழைப்பு என் வாயால் போய்விட்டது என்று நினைத்தேன். சென்னியப்பன் அண்ணன் என்ன ஏது என்று கேட்கவில்லை. "நாளைக்குப் பெரிய வெள்ளிதானுங்களே, நீங்க வர வேண்டாங்க. ஊட்டுல இருங்க" என்றார்.

பெரிய வெள்ளி அன்று எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் பகலில் அடுப்பு எரியாது. கோயிலில் கஞ்சி ஊற்றுவார்கள், அதுதான் சாப்பாடு. பகல் பதினொன்றரை இருக்கும். அம்மா எழுந்து கதவைச் சாத்தினாள். சமையலறையில் குக்கர் சத்தம் கேட்டது. நானும் ஜெனிட்டாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அம்மா மூன்று தட்டு கொண்டுவந்து வைத்தாள். சோறு, பருப்பு, பீன்ஸ் பொரியல். தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு எங்களைப் பார்க்காமல் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தாள்.

வெகுநேரம் மென்றாள். விழுங்கினாள். இன்னொரு வாய் எடுத்தாள்.

ஜெனிட்டா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் தட்டைப் பக்கத்தில் இழுத்து அவளும் சாப்பிடத் தொடங்கினாள். நானும் சாப்பிட்டேன். மூன்று பேர் தட்டும் காலியானபோது மணி சரியாக ஒன்று.

கத்தரிக்கோலையும் நைட்டிகளையும் எடுத்துக் கொடுக்கலாம் என்று நான் எழுந்தேன். ஜெனிட்டாவின் உள்ளங்கை எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தேன். அவள் தன் கையைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. மேலுதட்டில் வேர்வை. முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. புடவை முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "குமட்டுது. தப்புப் பண்ணிட்டேன் போலருக்கு. செத்த நேரம் பின்னாடி போயிட்டு வந்துடறேன்" என்று எழப் பார்த்தாள்.

ஜெனிட்டா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதம்மா. உக்காரு."

"விடு பாப்பா. இது உள்ள இருக்கக் கூடாது. உனக்கு ஏதாச்சும் ஆயிடும்."

"எனக்கு ஒண்ணும் ஆகாது. இங்க பாரு, உன் பக்கத்துலதான் இருக்கேன். இப்பத்தான் ரொம்ப மோசமா இருக்கும். எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்துல குறையும்."

"குறையுமா?"

"குறையும்மா. தெனமும் குறைஞ்சிருக்கு."

அம்மா சுவரில் சாய்ந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அந்த முப்பது நிமிடம் எப்படி இருக்கும் என்று ஆறு மாதமாக எதிரில் உட்கார்ந்து பார்த்தவள் அவள். அதற்குள்ளே போனது இன்றைக்குத்தான். நான் இரண்டு பேருக்கும் எதிரில் நின்றேன். சொல்ல என்னிடம் ஒரு கதையும் இல்லை.

"இப்படியா இருக்கும் பாப்பா உனக்கு?" என்றாள் அம்மா. "ஒவ்வொரு வேளையுமா?"

"ஆமாம்மா."

அம்மா அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். மூன்று மணிச் சிலுவைப்பாதை ஜெபத்துக்குக் கோயில் ஒலிபெருக்கியைச் சோதித்துப் பார்க்கும் சத்தம் தூரத்தில் கேட்டது. இரண்டு பேரும் அசையவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று அம்மா கேட்டாள்.

மடியில் படுத்தபடியே ஜெனிட்டா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பதினோரு நிமிசம். எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு. நீயும் எந்திரிக்காத, நானும் எந்திரிக்கல."